சத்திரத்தான் கையிற் கொடுத்த இரண்டு பணம்

கிறிஸ்தவர்களாகிய வைத்தியர்களைக் காணும்போது அன்பர்கள் பலர் கேட்பதற்கென்றே வைத்திருக்கும் கேள்வி ஒன்று உண்டு. நோயைத் தீர்ப்பது மருந்தா, மன்றாட்டா என்பதே அது. சிலர் ஐயந்தெளியக் கேட்பர். சிலர் குறும்பாகக் கேட்பர். வேறு சிலரோ, தம் வீட்டில் ஒருவர் நோய்ப்படுக்கையிற் கிடக்க, எதை நம்புவதென்று தெரியாத கலக்கத்தினாற் கேட்பர். முதலிருவர்க்கும் ஆறுதலாக விடையிறுக்கலாம். மூன்றாமவர்க்கோ உடனே விடை வேண்டும். அவரை மனத்திற் கொண்டே இவ்வாரம் சில எண்ணங்களை வாசகர் முன் வைக்கத் துணிந்தோம்.

இயேசுநாதர் உரைத்த கதைகளுள் வைத்தியத் தொழில் செய்வோர் மறக்கலாகாத கதை, நல்ல சமாரியனைப் பற்றியது. எருசலேமிலிருந்து எரிகோவுக்குச் சென்ற ஒருவனைக் கள்வர் அடித்துக் குற்றுயிராக வழியோரத்தில் விட்டுச் சென்றனர். அவ்வழியே வந்த ஆசாரியன் கண்டும் காணாதவனாய் விலகினான். லேவியனும் அவ்வாறே சென்றான். யூதரோடு நெடுநாட் பகைமை கொண்டிருந்த சமாரியரில் ஒருவன் மாத்திரம் நின்றான். திராட்சரசத்தினாற் புண்ணைக் கழுவி, எண்ணெய் பூசி, துணியாற் சுற்றினான். தன் வாகனத்தில் ஏற்றிச் சத்திரம் ஒன்றிற்குக் கொண்டுபோய் அன்றிரவு பராமரித்தான்.

இக்கதையை ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளும் அறிவர். ஆயினும் இதன் கடைசிப் பகுதியிற் பலர் கருத்தைச் செலுத்துவதில்லை. மறுநாட் காலையிற் சமாரியன் தன் வழியே புறப்பட்டுவிட்டான். அவனுக்கும் அலுவல் இருந்தது. நோயாளியின் அருகிலேயே இருந்துவிட அவனால் இயலாது. ஆகவே அவன் சத்திரத்தானிடம் இரண்டு பணத்தைக் கொடுத்து, இவனைப் பார்த்துக்கொள், மேற்கொண்டு செலவாகுமேல் திரும்பும்போது தருவேன் என்று ஏற்பாடு செய்தபின்பே சென்றான். அக்காலத்தில் ஒரு பணம் என்பது கூலியாள் ஒருவனின் ஒருநாட் சம்பளம். இரண்டு நாட் கூலியை முன்பின் அறியாதவன் பொருட்டு வைத்துப் போனான் அவன்.

புண்ணைக் கட்டியது இரக்கம். வாகனத்தில் ஏற்றியது உழைப்பு. சத்திரத்தானிடம் ஒப்படைத்தது தூரநோக்கு. தான் இல்லாத வேளையிலும் நோயாளிக்குத் துணை இருக்கவேண்டும் என்று எண்ணுவதே வைத்திய சேவையின் உச்சம் என்பது நம் துணிபு. இதனை நம் நாட்டு வரலாற்றில் நன்கு விளக்கிக் காட்டிய ஒருவரைப் பற்றியே இங்கு சொல்ல விரும்புகிறோம்.

அமெரிக்காவிலிருந்து வந்த முதல் மருத்துவ மிஷனரியாகிய ஜோன் ஸ்கடர் 1820ஆம் ஆண்டிற் பண்டத்தரிப்பில் அமர்ந்து வைத்தியஞ் செய்யத் தொடங்கினார். அவர் பின்னர்ச் சென்னைக்குச் சென்றார். 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக்கு வந்தவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாகாணத்து வூஸ்ரர் என்னும் ஊரில் 1822ஆம் ஆண்டு பிறந்த இவர், நியூயோர்க்கில் வைத்தியம் பயின்று பட்டம் பெற்றவர். வட்டுக்கோட்டையிற் சிறிது காலம் இருந்து, 1848இல் மானிப்பாயை நிலைக்களமாகக் கொண்டார். இன்றும் அவ்வூரிலுள்ள கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அன்றைய யாழ்ப்பாணத்தில் வைத்தியர் இல்லாமலில்லை. பரம்பரையாக ஏட்டுச்சுவடி கற்ற பரியாரியார்கள் ஊர்தோறும் இருந்தனர்; நாடி பார்த்தனர்; சூரணமும் குளிகையும் கொடுத்தனர்; மக்களின் மதிப்பையும் பெற்றிருந்தனர். ஆனால், மேல்நாட்டிற் புதிதாக வளர்ந்துவந்த சத்திரசிகிச்சையும், வழிமாறிய பிரசவத்துக்குரிய உபாயங்களும் இங்கு எட்டவில்லை. வாந்திபேதி வந்தாற் குடும்பங் குடும்பமாக மாண்டனர். குடாநாடு முழுவதற்கும் ஒரு வைத்தியர் ஓடியோடிச் சிகிச்சை செய்தாலும் எத்தனை வீட்டுப் படலைக்குத்தான் போக முடியும்?

கிறீன் இதனை விரைவில் உணர்ந்தார். மானிப்பாய்க்கு வந்த 1848ஆம் ஆண்டிலேயே உள்ளூர் இளைஞர் சிலரைச் சேர்த்து வைத்தியம் பயிற்றலானார். காலையில் நோயாளரைப் பார்க்கும்போது மாணாக்கரும் உடன் நிற்பர். பின்னர்ப் பாடம் நடைபெறும். இவ்வாறு அவரிடம் பயின்று வெளியேறிய வைத்தியர் தொகை அறுபதுக்கும் மேற்பட்டது. சமாரியனுக்கு ஒரு சத்திரத்தான் கிடைத்தான். கிறீனோ சத்திரத்தான்களைத் தாமே உருவாக்கினார் எனலாம்.

ஆயினும் இங்கே ஒரு சங்கடம் தோன்றியது. முதலிற் பாடங்கள் ஆங்கிலத்தில் நடந்தன. ஆங்கிலத்திற் பயின்றோர்க்கு அரசாங்க உத்தியோகமும் நல்ல சம்பளமும் வெளியூர்களிற் காத்திருந்தன. எந்தக் கிராமத்து மக்களுக்காக அவர்களைப் பயிற்றினாரோ, அக்கிராமங்களிற் பலர் தங்கவில்லை. இளைஞர்களைக் குறை கூறிப் பயனில்லை; குடும்பத்தைத் தாங்கவேண்டியவன் நல்ல சம்பளத்தை நாடுதல் இயல்பே. கிறீன் அவர்களை வைதுகொண்டிருக்கவில்லை. தம் முறையையே மாற்றினார். 1864ஆம் ஆண்டு முதல் தமிழிலேயே வைத்தியம் கற்பிக்கலானார். தமிழிற் கற்றவன் தமிழ்மக்களிடையே தங்குவான், அவர்களுக்கு விளங்கப் பேசுவான் என்பது அவர் எண்ணம்.

தமிழிற் கற்பிப்பதற்குத் தமிழில் நூல் வேண்டுமே! அதற்கான வேலையை அவர் முன்னரே தொடங்கியிருந்தார். மாணாக்கரையும் துணைக்கொண்டு அவர் வெளியிட்ட நூல்களின் பெயர்களைக் கேட்டாலே அம்முயற்சியின் பருமன் விளங்கும். உடலமைப்பும் சுகாதாரமும் பற்றிய ‘அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்’ 1852இல் வெளிவந்தது. ‘பிரசவ வைத்தியம்’ 1857இலும், ‘இரண வைத்தியம்’ 1867இலும், ‘மனுஷ அங்காதிபாதம்’, ‘வைத்தியாகரம்’ ஆகியவை 1872இலும் வந்தன. இரசாயன நூலுக்கு இட்ட பெயர் ‘கெமிஸ்தம்’. ஏற்ற சொல் தமிழிற் கிடைத்தால் அதனை எடுத்தார். கிடையாவிடில் வடமொழியை நாடினார். அங்கும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லுக்கே தமிழோசை கொடுத்தார். இன்று கலைச்சொல் ஆக்குவோர் படும் பாடெல்லாம் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே மானிப்பாயிற் படப்பட்டுவிட்டது.

உடல் தளர்ந்தபடியால் 1857இல் தாயகஞ் சென்ற அவர், 1862இல் மீண்டும் வந்தார். திரும்பி வருவேன் என்ற சமாரியனின் வாக்கு நமக்கு இங்கே நினைவுக்கு வருகிறது. 1873இல் நோயுற்று முற்றாகவே யாழ்ப்பாணத்தை விட்டுப் பிரிந்தார். பிரிந்த பின்னரும் தம் ஊரிலிருந்தபடியே தமிழ் நூல் வேலையை விடவில்லை. கெமிஸ்தம் 1875இலும், ‘மனுஷ சுகரணம்’ 1883இலும் வெளிவந்தன. அதற்கு மறு ஆண்டு அவர் காலமானார். பல்லாயிரம் மைலுக்கப்பால், பனி பெய்யும் ஊரில், தமிழெழுத்திற் பிழை திருத்திக்கொண்டிருந்த அம்முதியவரை எண்ணும்போது, சத்திரத்தானுக்குத் தரவேண்டிய மிச்சப் பணத்தை எண்ணி எண்ணி அனுப்பியவராகவே அவர் நமக்குத் தோன்றுகிறார்.

இவ்விடத்தில் ஒன்றை மறையாது சொல்லவேண்டும். கிறீன் வெறும் வைத்தியர் அல்லர், சமயப் பிரசாரகருமாவர். தமிழர் கிறிஸ்துவை அறியவேண்டும் என்ற ஆவலே அவரைக் கடல் கடந்து வரச் செய்தது. ஆனால் கிறிஸ்தவனாகிறவன் தன் உடையையும் மொழியையும் வழக்கத்தையும் துறந்து ஐரோப்பியனைப் போல் வேடமிடவேண்டும் என்பதை அவர் விரும்பவில்லை. மேல்நாட்டு உடையில் மாணாக்கர் வருவதைக் கண்டு வருந்தியவர் அவர்.

அவர் பிறந்த அதே 1822ஆம் ஆண்டில் நல்லூரிற் பிறந்தவர் ஆறுமுக நாவலர். கிறீன் மானிப்பாயில் அமர்ந்த அதே 1848ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிற் சைவப் பாடசாலையைத் தொடங்கியவரும் நாவலரே. சமயத்தில் இருவரும் எதிரெதிர்த் திசையில் நின்றவர்கள். மிஷனரிமாரின் பிரசாரத்தை நாவலர் எத்துணை உறுதியோடு எதிர்த்தார் என்பதை அறியாத யாழ்ப்பாணத்தவர் இலர். எனினும், உயர்ந்த விஷயங்களைச் சாதாரண மக்களுக்கு விளங்கும் தமிழ் வசனத்திற் சொல்லவேண்டும் என்பதில் இருவரும் ஒரே பாதையிற் சென்றனர். 1876, 1877ஆம் ஆண்டுகளிற் பஞ்சம் வந்தபோது கஞ்சித்தொட்டி வைத்துப் பசித்தோர்க்கு உணவளித்தவர் நாவலர். பசிக்கும் நோய்க்கும் சமயம் தெரியாது. அவற்றைத் தீர்க்க எழுந்த கைகளுக்கும் அது குறுக்கே நிற்கவில்லை.

இதிலிருந்து கிறிஸ்தவ வைத்தியர்களாகிய நாம் கற்கவேண்டிய பாடமொன்று உண்டு. நோய்ப்படுக்கை பேரம் பேசும் இடமன்று. வேதனையிற் கிடப்பவன் எதற்கும் ‘ஆம்’ என்று சொல்வான். அந்த ‘ஆம்’ நம்பிக்கையாகாது. சமாரியன் காயப்பட்டவனிடம், நீ எந்த மலையிற் கும்பிடுகிறாய் என்று கேட்டதாகக் கதையில் இல்லை. நம் நம்பிக்கையை நோயாளி நம் கையின் மென்மையிலும் சொல்லின் உண்மையிலும் காணட்டும். அவராகவே கேட்டாற் பேசலாம். அவர் விரும்பினால் உடனிருந்து ஜெபிக்கலாம். விபூதி தரித்து அமர்ந்திருக்கும் தாயின் அருகே அவளுடைய கடவுளைக் குறைகூறும் உரிமை நமக்கில்லை.

இனி, மருந்தா மன்றாட்டா என்னும் கேள்விக்கு வருவோம். கிறீனைவிட ஆழ்ந்த நம்பிக்கையுடைய வைத்தியரைக் காண்பது அரிது. அவர் ஜெபித்தார், ஜெபித்துவிட்டுக் கத்தியை எடுத்தார். இரண்டில் ஒன்று போதும் என்று அவர் கருதியிருந்தால் நாலாயிரம் பக்கமளவிலான வைத்திய நூல்கள் தமிழுக்குக் கிடைத்திரா.

அதே சமயம், நம்பிக்கை அறிவுக்குப் பதிலாகாது என்பதையும் அவர் வாழ்க்கையே காட்டுகிறது. ஈதர் கொண்டு நோவின்றிச் சத்திரசிகிச்சை செய்யலாமென்று அவருடைய சொந்த மாகாணத்துப் பொஸ்ரன் நகரில் உலகறியக் காட்டப்பட்டது 1846இல். அவர் இங்கு வருவதற்கு ஓராண்டுக்கு முன்பு. புண்ணிற் கிருமி புகாமற் காக்கும் முறையை லிஸ்ரர் வெளியிட்டது 1867இல். இரண வைத்தியம் வெளிவந்த அதே ஆண்டு. வாந்திபேதிக்குக் காரணமான கிருமியை றொபேட் கொக் கல்கத்தாவில் ஆராய்ந்து உறுதிப்படுத்தியது 1884இன் தொடக்கத்தில்; கிறீன் மறைந்ததும் அந்த ஆண்டே. யாழ்ப்பாணத்தில் வாந்திபேதியோடு போராடிய காலம் முழுவதும் தம் எதிரி யாரென்பதை அவர் திட்டமாக அறியமாட்டார். அவர் நம்பிக்கையிற் குறை இருந்ததனாலன்று; அறிவு அந்த மட்டுக்கே அப்போது வளர்ந்திருந்தது. கடவுள் மனிதனுக்கு அறிவைத் தந்தது அதனைத் தேடிக் கண்டுகொள்வதற்காகவே என்று நாம் நம்புகிறோம்.

வாந்திபேதியைப் பற்றிப் பேச்சு வந்தபடியால் மற்றொரு நிகழ்ச்சியையும் சொல்லவேண்டும். 1971ஆம் ஆண்டில் வங்காளதேசப் போரின்போது எல்லை கடந்து வந்த அகதிகள் இந்தியாவின் வொங்காவ்ன் முகாமில் நெருங்கிக் கிடந்தனர். வாந்திபேதி பரவியது. நரம்பில் ஏற்றும் சேலைன் தீர்ந்துகொண்டிருந்தது. அங்கு பணியாற்றிய டாக்டர் திலீப் மகலனாபிஸ், உப்பும் அப்பச்சோடாவும் குளுக்கோசும் அளவாகக் கலந்து, தண்ணீரிற் கரைத்துக் குடிக்கக் கொடுத்தார். அதனை நோயாளருக்குப் பருக்கும் பொறுப்பை அவர்களுடைய தாய்மாரிடமும் உறவினரிடமுமே ஒப்படைத்தார். நூற்றுக்கு முப்பதளவில் இருந்த மரணம் நாலுக்கும் கீழே இறங்கியது. குடலில் உப்பை உட்செலுத்தச் சீனி துணைசெய்கிறது. உப்போடு நீரும் உட்செல்கிறது. இதுவே அதன் தத்துவம். நம் வீடுகளில் வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கும் ‘ஜீவனி’யும் இவ்வகையினதே. மகலனாபிஸ் கிறிஸ்தவரல்லர். ஆயினும் சத்திரத்தானிடம் பணத்தை ஒப்படைத்த செயலையே அவரும் செய்தார். நற்செயல் எந்த ஒரு சமயத்தினதும் தனிச் சொத்தன்று.

பண்டத்தரிப்பில் அமர்ந்த ஜோன் ஸ்கடரின் பேர்த்தியையும் இங்கு நினைவுகூரலாம். ஐடா ஸ்கடர் இளம்பெண்ணாகத் திண்டிவனத்திலே தந்தையாரோடு தங்கியிருந்த ஓரிரவு, மூன்று ஆடவர் ஒருவர்பின் ஒருவராய் வந்து, பிரசவ வேதனையிலிருந்த தம் மனைவியரைக் காப்பாற்ற வருமாறு அவரை அழைத்தனர். பிராமணர் ஒருவர்; முஸ்லிம் ஒருவர்; மற்றுமொரு இந்து. அவர் வைத்தியம் கற்றவரல்லர்; தந்தையாரே வைத்தியர். ஆண் வைத்தியரை அழைத்துச் செல்ல அம்மூவர்க்கும் சம்மதமில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர். மிஷன் வேலையே வேண்டாம் என்றிருந்த ஐடா, வைத்தியம் கற்று 1900இல் வேலூரிற் பணியைத் தொடங்கினார். தாம் ஒருவர் எத்தனை பெண்களைத்தான் காப்பாற்ற இயலும் என்று எண்ணி, 1918இற் பெண்களுக்கென வைத்தியக் கல்லூரியையும் அங்கே தொடங்கினார். இன்று உலகறிந்த வேலூர்க் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரி அவ்வாறு முளைத்ததே.

வேலூரில் முளைத்தது மரமாயிற்று. மானிப்பாயின் கதை அவ்வாறு முடியவில்லை. 1870இற் கொழும்பில் வைத்தியக் கல்லூரி நிறுவப்பட்டது. அங்கு மொழி ஆங்கிலம். கிறீன் சென்ற பின்னர்த் தமிழில் மேல்நாட்டு வைத்தியம் கற்பிக்கும் முயற்சி நிலைக்கவில்லை. 1978ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடம் தொடங்கப்பட்டபோதும் பாடமொழி ஆங்கிலமாகவே அமைந்தது. உலகெங்கும் நாள்தோறும் வெளிவரும் புதிய ஆராய்ச்சிகளை அறிய ஆங்கிலம் இன்றியமையாதது. அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால், கிறீனின் கனவில் மாணாக்கரின் பாடமொழியைவிட முக்கியமான பாதி ஒன்றிருந்தது. நோயாளிக்கு அவருடைய மொழியில் விளங்கச் சொல்லுதல் என்பதே அது. இப்பாதியையும் நாம் கைவிட்டுவிட்டோமா?

எந்த வைத்தியசாலைக்கும் ஒரு காலைப்பொழுதிற் சென்று பாருங்கள். வெளிநோயாளர் பிரிவில் நீண்ட வரிசை. விடியற்காலை முதல் பஸ்ஸில் வந்த முதியவர் ஒருவர் தம் கிளினிக் கொப்பியை நீட்டுகிறார். வைத்தியருக்கு இன்னும் நூறுபேர் காத்திருக்கின்றனர். கொப்பியில் இரண்டு வரி எழுதப்படுகிறது. முதியவர் குளிசைப் பைகளுடன் வெளியே வந்து, எதை எப்போது விழுங்குவது என்று பக்கத்திலிருப்பவரிடம் கேட்கிறார். பக்கத்திலிருப்பவருக்கும் தெரியாது. வைத்தியர் கெட்டிக்காரர், மருந்தும் நல்ல மருந்தே, அதுவும் அரசினரால் இலவசமாக வழங்கப்படுகிறது. எல்லாம் இருந்தும் நோயாளி மாத்திரம் வழியோரத்திலேயே நிற்கிறார்.

இதன் விளைவு சிறியதன்று. குருதி அமுக்கம் உடையவருக்குப் பெரும்பாலும் நோவு எதுவும் தெரியாது. ஆகவே, சுகமாகிவிட்டது என்று எண்ணிக் குளிசையை நிறுத்திவிடுகிறார். சில காலத்தின்பின் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோகிறது. நீரிழிவு உடையவர் பாதத்தில் உணர்ச்சி குன்றுவதனால் முள் குத்தினாலும் அறியார். புண் பழுத்துக் காலை எடுக்கவேண்டிய நிலை வந்தபின்பே வைத்தியசாலைக்கு வருகிறார். நாள்தோறும் பாதத்தைப் பாருங்கள், வெறுங்காலோடு நடவாதீர்கள் என்று அவருக்கு ஒருவர் அவருடைய பேச்சிலே விளங்கச் சொல்லியிருந்தால் அந்தக் கால் தப்பியிருக்கக்கூடும். விளங்காத வைத்தியம் அரைவைத்தியம். மருந்துத் துண்டை எழுதிக் கொடுப்பதோடு கடமை முடிந்தது என்று கருதும் வைத்தியர், புண்ணைக் கட்டிவிட்டுச் சத்திரத்துக்குக் கொண்டுபோகாமல் விட்ட சமாரியனுக்கு ஒப்பாவார்.

ஆகவே இளம் வைத்தியர்களையும் வைத்தியம் பயிலும் மாணவர்களையும் ஒன்று வேண்டுகிறோம். நோயாளியின் கையிற் கொப்பியைத் திருப்பிக் கொடுக்குமுன், அவருக்கு என்ன நோய், இந்தக் குளிசை எதற்கு, எது நேர்ந்தால் உடனே வரவேண்டும் என்ற மூன்றையும் அவருடைய மொழியிற் சொல்லுங்கள். சொன்னதை அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லச் செய்யுங்கள். சிங்கள நோயாளருக்குச் சிங்களத்திற் சொல்லும் அளவுக்கேனும் அம்மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள். வூஸ்ரரிற் பிறந்தவர் தமிழ் கற்றாரெனில், இந்நாட்டிற் பிறந்தவர்க்கு அது முடியாததா?

குடும்பத்தினருக்கும் ஒன்று சொல்லவேண்டும். சத்திரத்தான் நீங்களே. வைத்தியசாலையில் நோயாளி இருப்பது சில நாட்கள். உங்கள் வீட்டில் இருப்பதோ பல ஆண்டுகள். கிளினிக்குக்கு முதியவரைத் தனியே அனுப்பாதீர்கள். படித்த பிள்ளை ஒருவர் கூடச் சென்று கேட்டறிந்து, குளிசைகளின் பெயரையும் வேளையையும் பெரிய எழுத்திலே தாளொன்றில் எழுதிச் சுவரில் ஒட்டலாம். இது சிறிய காரியம். ஆனால் இதனாற் காக்கப்படும் உயிர் சிறியதன்று.

நேர்த்திக்கடனும் உபவாசமும் மேற்கொள்வோருக்கும் அன்புடன் ஒன்றைக் கூறுவோம். தபசு காலமாயினும் கந்தசஷ்டியாயினும் நோன்பாயினும், இன்சுலின் ஏற்றுவோரும் நீரிழிவுக் குளிசை எடுப்போரும் வைத்தியரிடம் கேளாமல் உணவை விடலாகாது. மருந்து உடலிலிருக்க உணவு இல்லையாயின் குருதியிற் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். வியர்வையும் நடுக்கமும் மயக்கமும் உண்டாகும். கவனியாவிடில் உயிருக்கே மோசமாகும். விரதத்தை வேறு வகையில் நோற்க எந்தச் சமயமும் இடந்தரும். ஜெபக்கூட்டத்தில் யாரோ சொன்னார் என்று இன்சுலினை நிறுத்துவது விசுவாசமாகாது. 1922ஆம் ஆண்டில் முதல் நோயாளிக்கு இன்சுலின் ஏற்றப்படுவதற்கு முன்னர், இளவயதில் நீரிழிவு கண்ட பிள்ளைகள் பெற்றோர் கண்முன்னே மெலிந்து மடிந்தனர். அப்பெற்றோரும் ஜெபித்தவர்களே. அவர்களுடைய மன்றாட்டுக்குக் கிடைத்த விடையே இந்த மருந்து என்று ஏன் கொள்ளலாகாது?

மன்றாட்டினாற் பயனென்ன என்று அதனால் நினைத்துவிடவும் வேண்டாம். மருந்து எட்டாத இடம் ஒன்று ஒவ்வொரு நோயாளியிடமும் உண்டு. நள்ளிரவில் உறக்கமின்றிக் கிடப்பவரின் அச்சம், தமக்குப்பின் பிள்ளைகள் என்னாவரோ என்ற ஏக்கம், பிறருக்குப் பாரமாகிவிட்டோமே என்ற வெட்கம் ஆகிய இவற்றுக்குக் குளிசை இல்லை. இனிச் சிகிச்சையாற் பயனில்லை என்று வைத்தியர் அறிந்த பின்னரும் நோயாளியின் அருகே சென்று அமர்வதற்கு ஏதோ ஒரு பலம் வேண்டும். நமக்கு அது ஜெபத்தினாற் கிடைக்கிறது. குணப்படுத்த இயலாதபோதும் கைவிடாதிருக்கும் ஆற்றலையே நாம் கடவுளிடம் அதிகமாகக் கேட்கிறோம்.

முடிவாக, இக்காலத்தில் நம்மை வருத்தும் ஒன்றைப் பேசாது விடமுடியாது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மருந்துக்கே தட்டுப்பாடு உண்டாயிற்று. அந்த ஆண்டிலும் அதன் பின்னரும் இந்நாட்டு வைத்தியர் பலர் வெளிநாடு சென்றனர். அவர்களைத் துரோகிகள் என்று தூற்றுவோர் உளர். நாம் அவ்வாறு தூற்றமாட்டோம். கிறீனின் மாணாக்கர் உத்தியோகம் தேடி வெளியூர் போனபோதும் இதே நிலைதான். பிள்ளைகளின் கல்வி, பெற்றோரின் கடன், எதிர்காலத்தின் நிச்சயமின்மை எல்லாம் ஒருவனைத் துரத்தும்போது வெளியிலிருந்து தீர்ப்புக் கூறுவது எளிது.

ஆனால் செல்பவரிடம் ஒரு கேள்வியை மாத்திரம் கேட்கலாம். சமாரியனும் சென்றவனே; செல்லும்போது எதை வைத்துச் சென்றான்? கிராமத்து வைத்தியசாலை ஒன்றுக்கு ஆண்டுதோறும் சில வாரங்கள் வந்து உதவலாம். இங்குள்ள இளம் வைத்தியருக்கும் தாதியருக்கும் அங்கு கற்றதைக் கற்பிக்கலாம். நோய்களைப் பற்றி மக்களுக்கு விளங்கும் தமிழிற் சிறுநூல்கள் எழுதலாம். ஏழை மாணவர் ஒருவரின் படிப்பை ஏற்கலாம். தங்கியிருப்போர்க்கும் இதே கேள்வி உண்டு. ஒரு நாளைக்கு எத்தனை நோயாளரைப் பார்த்தோம் என்பதோடு, நாம் ஓய்வுபெற்றபின் நம் ஊரில் இவ்வேலையைச் செய்ய யாரைப் பயிற்றினோம் என்றும் கணக்குப் பார்க்கவேண்டும்.

வூஸ்ரரிலுள்ள கிறீனின் கல்லறையிலே அதிகம் எழுதப்படவில்லை. அவர் பெயர், பிறந்து இறந்த ஆண்டுகள், தமிழருக்கு மருத்துவ ஊழியஞ் செய்தவர் என்னும் குறிப்பு, இயேசுவே தமக்கு எல்லாம் என்னும் சாட்சி, அவ்வளவே. தம் கல்லில் இவையே பொறிக்கப்படவேண்டும் என்று அவரே விரும்பியிருந்தார். அங்கே அக்கல்லைக் கடந்து செல்வோருட் பலருக்குத் தமிழர் யாரென்றே தெரிந்திராது. இங்கே தமிழராகிய நம்முட் பலருக்கும் அவர் யாரென்று தெரியாமற் போய்விட்டது. அவர் பெயரை மறந்ததனால் அவருக்கு நட்டமில்லை. அவர் சத்திரத்தான் கையிற் கொடுத்த இரண்டு பணம் நம்மிடம் இருக்கிறது. அதனை எவ்வாறு செலவிடப் போகிறோம் என்பதே நாம் எண்ணவேண்டியது.